மெய்யும் உருவும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கிய உரைத் தொடருக்குச் சற்று ஒவ்வாததாக உங்களுக்குத் தோன்றக்கூடும். மரத்தால் எறிகணை செய்வதைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆம், ஷெல் என்று நாம் எல்லோரும் அறிந்த அதே எறிகணைதான். ஆனால் இது வெடிக்காத ஷெல். வெடிக்கவே முடியாத ஷெல். நூதனசாலைகளிலும் கண்காட்சிகளிலும் வைப்பதற்கென்று மரத்திலோ பிசினிலோ செய்து, வர்ணம் பூசி, அசலா நகலா என்று பார்ப்பவர் மயங்கும்படி அமைக்கப்படும் மாதிரி. இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். முதலில் இலக்கணத்தோடு தொடர்பு உண்டு. அதன் வழியே இலக்கியத்தோடும் உண்டு. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பிக்கும் கல்லூரியில் வரலாற்றுக் கண்காட்சி ஒன்று ஒழுங்குசெய்யப்பட்டது. முதலாவது உலக மகாயுத்தம் பற்றிய பகுதியை உயர்தர வகுப்பு மாணவர் ஐவர் பொறுப்பேற்றனர். படங்களும் வரைபடங்களும் போதா, கண்முன் நிற்கும் பொருள் ஒன்று வேண்டும் என்பது அவர்களது எண்ணம். பிரித்தானியப் படையின் 18 றாத்தல் பீரங்கிக்குரிய எறிகணை ஒன்றை அசல் அளவில் செய்வதெனத் தீர்மானித்தார்கள். விளக்கக் குறிப்புகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை தமிழாசிரியனாகிய எனக்கு வந்து சேர்ந்தது. அந்த வேலை என்னைக் கடைசல் பட்டறை வரைக்கும் இழுத்துச் சென்றது.

அசலையே வாங்கி வைக்கலாமே என்று சிலர் கேட்பர். பழைய எறிகணை பழையதாகிவிட்டதனால் சாதுவாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. அப்போரின் குண்டுகளைத் தேடியெடுத்துச் செப்பனிட்டுவந்த ஒருவர், 2008 இல், வேர்ஜினியா மாநிலத்தில் தமது வீட்டு முற்றத்தில் ஒரு குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். அவரைக் கொன்றது 140 ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்த குண்டு. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இன்றுங்கூட உழவர் கலப்பையில் முதலாவது யுத்தத்தின் எறிகணைகள் தட்டுப்படுகின்றன. இரும்பு அறுவடை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் மட்டும் ஆண்டுதோறும் நூறு தொன்னுக்கு மேல் அகப்படுவதாகக் கணக்கு. 1916 இல் சொம் சமரின் தொடக்கத்தில், ஒரே வாரத்தில், ஏறக்குறைய 15 இலட்சம் எறிகணைகளைப் பிரித்தானியப் பீரங்கிகள் எறிந்தன. அவற்றுள் பெருந்தொகையானவை வெடிக்கவில்லை. வெடிக்காதவை போன இடம் மண். மண் அவற்றைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. ஆகவே காட்சிக்கு வைப்போர் நகலை நாடுவதில் நியாயம் உண்டு.

இனி, நகல் செய்யும் முறையைச் சொல்கிறேன். 18 றாத்தல் பீரங்கி 1904 இல் சேவைக்கு வந்தது. குழலின் உள்விட்டம் 3.3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 84 மில்லிமீற்றர். எறிகணையின் எடை பதினெட்டரை றாத்தல். நமது இன்றைய கணக்கில் 8.4 கிலோகிராம். அந்த எடையே பீரங்கிக்குப் பெயராயிற்று. எமது மாணவர் தேர்ந்தது ஷ்ரப்னல் எனப்படும் சிதறுகுண்டு வகை. ஷ்ரப்னல் என்பது அதனைக் கண்டுபிடித்த பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரியின் பெயர். ஒரு மனிதனின் பெயர் உலகத்து மொழிகளிலெல்லாம் இரும்புத் துண்டுக்குப் பெயராகிவிட்டதை நினைத்தால் மொழிப் பாடம் படிப்பிப்பவனுக்குச் சற்றுத் திகைப்பாகவே இருக்கிறது.

மேல்நாடுகளில் அசலொன்றிலிருந்து சிலிக்கன் அச்சு எடுத்துப் பிசின் வார்ப்பார்கள். இப்போது முப்பரிமாண அச்சுப்பொறியிலும் செய்கிறார்கள். எமக்கு வாய்த்தது நன்றாகக் காய்ந்த வேப்பங் குற்றியும், கட்டில் காலும் கதிரைக் காலும் கடைந்து முதிர்ந்த ஒரு கையும். அந்த முதியவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கட்டில் கால் கடைஞ்ச உளியாலை இதையும் கடையச் சொல்லுறியளோ, மாஸ்ரர்?”

“படிக்கிற பிள்ளையளுக்காக ஐயா” என்றேன். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. குற்றியைப் பொறியில் ஏற்றினார்.

எறிகணையின் உடல் நேர் உருளை, அது எளிது. தலைப்பகுதி மெல்லென வளைந்து கூம்பும். அங்கேதான் கைத்திறன் வேண்டும். அந்த வளைவின் ஆரையை எறிகணையின் விட்டத்துக்கு எத்தனை மடங்கு என்று கணக்கிட்டுச் சொல்வது பிரித்தானியப் பீரங்கிப்படையின் வழக்கம். வளைவு சிறிது தடித்தால் பூசணிக்காய்போலவும், சிறிது மெலிந்தால் வாழைப்பூப்போலவும் ஆகிவிடும். தகட்டில் வெளிக்கோட்டை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, கடைவதும் அச்சைப் பொருத்திப் பார்ப்பதும் மீண்டும் கடைவதுமாக ஒரு பகல் கழிந்தது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே செப்பு வளையம் ஒன்று வரும். அது உடலைவிடச் சிறிது புடைத்திருக்கும். குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டுள்ள சுருள் பள்ளங்களை அந்தச் செம்பு கவ்விக்கொள்வதனாலேயே எறிகணை சுழன்றபடி செல்கிறது. உச்சியில் பித்தளையாலான பற்றவைக்கும் பொறி. அதில் நேரத்தைக் குறிக்கும் கோடுகள் பொறித்த வளையங்கள். இவை யாவும் மரத்தில் அமைந்தன.

அடுத்தது வர்ணம். வர்ணத்துக்கு முன் மரத்தின் இழையை மறைக்க வேண்டும். இழை ஓரிடத்தில் தெரிந்தாலும் இரும்பு மீண்டும் மரமாகிவிடும். புட்டி பூசி, அரத்தாளால் தேய்த்து, முதற்பூச்சுப் பூசி, மறுபடி தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் வழுக்கும் வரைக்கும் அந்த வேலை நடந்தது. சிதறுகுண்டுக்குக் கறுப்பு நிறம். தலைப்பகுதியில் சிவப்பு வளையம். வெடிமருந்து நிரப்பிய வகைக்கு மஞ்சள். இந்த நிறங்கள் அழகுக்காக அல்ல. இருட்டிலும் அவசரத்திலும் எது எதுவென்று பீரங்கிக்காரர் மயங்காதிருக்க ஏற்படுத்திய அடையாளங்கள் அவை. சிவப்பு வளையம் இருந்தால் நிரப்பப்பட்டது என்று பொருள். நிறமே அங்கு எழுத்து.

புதிதாகப் பூசிய வர்ணம் பொம்மையைப் போலப் பளபளக்கும். ஆகையால் அதனைப் பழசாக்க வேண்டும். இங்கே எமது மாணவர் ஒருமுறை தவறினர். எல்லாவற்றின் மீதும் செங்காவித் துருவைத் தீட்டிவிட்டார்கள். இரும்புக்குத்தான் செந்துரு, செம்புக்குப் பச்சைக் களிம்பு, பித்தளையோ கறுத்து மங்கும். ஒவ்வோர் உலோகமும் தன் தன் முறைப்படியே மூப்படைகிறது. இதனை அவர்களுக்குச் சொன்னவர் கோயில் குத்துவிளக்கைப் பல்லாண்டு துலக்கிய ஒரு மாணவனின் பாட்டியார். இரண்டாம் முறை சரியாக வந்தது. கடைசியில், படங்களில் கண்டபடி, செப்பு வளையத்தில் சரிந்த கோடுகளை ஆணியால் கீறினார்கள். மேசையில் வைத்தபோது நானே ஒரு கணம் பின்வாங்கினேன். அப்படி அமைந்துவிட்டது.

மாணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. நானும் அந்தப் பெருமையில் பங்குகொண்டு, குறிப்பட்டையின் அடியில் ‘மரத்தால் ஆனது, தொட்டுப் பார்க்கலாம்’ என்று என் கைப்பட எழுதி வைத்தேன். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

நேயர்களே, தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலை அடுத்து உவமவியல் வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்றை உவமிப்பதற்கு நான்கு அடிப்படைகளை அங்கே ஆசிரியர் வகுக்கிறார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்பதற்கு வடிவென்றும், உரு என்பதற்கு நிறமென்றும் உரைகாரர் பொருள் கொள்வர். புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழைபோல வழங்கினான் என்றால் பயன். உடுக்குப் போன்ற இடை என்றால் மெய். பவளம் போன்ற வாய் என்றால் உரு. வகுப்பறையில் ஆண்டுதோறும் நான் படிப்பிக்கும் பாடந்தான் இது. ஆயினும், அந்த மர எறிகணையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இந்த நால்வகையும் எனக்குப் புதிதாக விளங்கின. கடைசற்காரர் தந்தது மெய். வர்ணம் தந்தது உரு. ஒரு பொருளினின்று வினையையும் பயனையும் முற்றாக நீக்கிவிட்டு, மெய்யையும் உருவையும் மட்டும் நிறுத்தி வைத்தால் எதுவோ அதுதான் மாதிரி எறிகணை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சில நகல்களையும் அளந்து பார்க்கலாம். 1780 டிசெம்பரில், அமெரிக்க சுதந்திரப் போரின்போது, தென் கரோலைனாவில் வில்லியம் வோஷிங்டன் என்னும் தளபதியிடம் பீரங்கி இல்லை. பைன் மரக் கட்டையொன்றைப் பீரங்கிபோலச் செதுக்கி எதிரிகளின் அரணுக்கு முன்னால் நிறுத்தினார். நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரு வெடிகூடத் தீராமற் சரணடைந்தனர். 1862 இல், உள்நாட்டுப் போரின்போது, வேர்ஜினியாவின் சென்ரவில் அரண்களில் தெற்கத்தியர் மரக்கட்டைகளுக்குக் கறுப்பு வர்ணம் பூசிப் பீரங்கிகளாக வைத்திருந்தனர். அவர்கள் பின்வாங்கிப் போன பின்னரே வடவர் உண்மையைக் கண்டு நாணினர். போரை மறுக்கும் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினரின் பெயரால் இவற்றுக்குக் குவேக்கர் பீரங்கி என்று பெயர் வழங்கிற்று. இங்கே மெய்யும் உருவும் அரைகுறை. வினை அறவே இல்லை. பயனோ நிறைவாக உண்டு. அச்சம் என்னும் பயன்.

நமது மரபில் இதற்கு நிகரான கதை உதயணன் கதை. யாழிசையால் மதயானைகளையும் வசப்படுத்த வல்லவன் அவன். அவனைச் சிறைப்பிடிக்க விரும்பிய பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைச் செய்வித்துக் காட்டில் விட்டான். யானை என்று கருதி அணுகிய உதயணன் அகப்பட்டுக்கொண்டான். யானையின் மெய்யும் உருவும் அங்கே இருந்தன. யாழிசைக்கு மயங்கும் உயிர் மட்டும் இல்லை. எவ்வளவு பெரிய கலைஞனும் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் நம்பினால் ஏமாறுவான் என்பதே அக்கதையில் நான் காணும் பொருள்.

இலண்டன் மாநகரில் ஹைட் பார்க் முனையில் அரச பீரங்கிப்படையினரின் நினைவுச் சின்னம் ஒன்று 1925 இல் திறக்கப்பட்டது. முதலாவது யுத்தத்தில் இறந்த அப்படையினர் 49,076 பேருக்காக எழுப்பப்பட்டது அது. அதன் உச்சியில் பெரியதொரு பீரங்கி நிற்கிறது. போட்லண்ட் வெண்கல்லில் செதுக்கிய பீரங்கி. சிற்பி சார்ள்ஸ் சார்ஜன்ட் ஜாகர் தாமே கலிப்போலியிலும் மேற்குப் போர்முனையிலும் நின்று காயம்பட்டவர். இளமையில் உலோகத்தில் சித்திரம் பொறிக்கும் தொழில் பழகியவர். தொழில் நுணுக்கம் அறிந்த அவர் பீரங்கியை உறுப்புக்கு உறுப்பு உள்ளவாறே செதுக்கினார். ஆனால் வர்ணம் இல்லை. மெய் உண்டு, உரு இல்லை. சுற்றிலும் வெண்கலத்தில் வீரர் உருவங்கள் நான்கு. அவற்றுள் மூன்று நிமிர்ந்து நிற்பவை. நான்காவது, மேலங்கியால் மூடிக் கிடத்தப்பட்ட பிணம். பீரங்கியின் வினையும் பயனும் எவை என்பதை அந்த நான்காவது உருவம் சொல்லிவிடுகிறது. கல் பீரங்கியை மட்டும் வைத்திருந்தால் அது படைக்கலத்தின் புகழ்பாடலாக முடிந்திருக்கும். மூடிக் கிடக்கும் அந்த உருவமே அதனை நினைவுச் சின்னமாக்குகிறது.

இன்னொரு வகையும் உண்டு. பதுங்குகுழிகளிலும் அவற்றின் பின்தளங்களிலும் இருந்த வீரர்கள், எறிந்து முடிந்த எறிகணைகளின் பித்தளைக் கோதுகளில் பூவும் கொடியும் பொறித்துப் பூச்சாடிகளாக ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே பொருள் அசல், வினை கழிந்து போயிற்று, பயன் மாறிவிட்டது. மரம் எறிகணையாவது ஒரு வகை. எறிகணை பூச்சாடியாவது மற்றொரு வகை. எது மேலானது என்று கேட்டால், அமைதிக் காலத்துக்குப் பூச்சாடியே பொருந்தும் என்பேன்.

இனி, கண்காட்சிக்கு வருகிறேன். இரண்டாம் நாள் முற்பகல். ஒரு மாணவனின் தாயார் வந்தார். கண்ணிவெடி அகற்றும் பணியில் சில ஆண்டுகள் வேலை செய்தவர். 2009 இல் யுத்தம் முடிந்த பின் வடபகுதியில் எத்தனையோ பெண்கள் அந்தத் தொழிலுக்குப் போனார்கள். முகமாலை மண்ணில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாகக் கிளறினார்கள். குடும்பத்தின் உழைப்பாளியாகத் தாமே மீந்துபோன பெண்கள் அவர்களுள் பலர். இந்தத் தாயார் முதலாவது யுத்தப் பகுதியின் வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தம்முடன் வந்த சிறுமியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அந்த வேளையில் கீழ்வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் மேசையைச் சூழ்ந்துகொண்டு எறிகணையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அதனைத் தூக்கியும் விட்டான். மரந்தானே; தூக்க இலேசு.

“சேர், இது ஆர் இஞ்சை கொண்டுவந்து வைச்சது?”

“பயப்பிடாதையுங்கோ அம்மா. பிள்ளையள் மரத்திலை செய்தது.”

அவர் மெல்ல அருகே வந்தார். குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“மரமெண்டு இப்பத் தெரியுது. அங்கை நிண்டு பாக்கத் தெரியேல்லை. சேர், இந்தச் செப்பு வளையத்திலை ஏன் கோடு கீறினவை?”

“படத்திலை அப்பிடி இருந்தது” என்றான் மாணவன் ஒருவன்.

“கோடு இருந்தா அது குழலுக்குள்ளாலை போய் வந்தது, தம்பி. சுடாததிலை வளையம் மழமழவெண்டு இருக்கும். இதிலை கோடும் இருக்கு, மேலை தலையும் கழராமல் இருக்கு. அப்ப இது சுட்டும் வெடியாமல் கிடக்கிறது. இதைத்தான் தொடாதையுங்கோ, தொடாதையுங்கோ எண்டு நாங்கள் ஊரூராய்ச் சொல்லித் திரிஞ்சனாங்கள். நீங்கள் மேசையிலை வைச்சு...”

அவர் பேச்சை முடிக்கவில்லை. அவருடைய கண் என் குறிப்பட்டையில் நின்றது. ‘தொட்டுப் பார்க்கலாம்.’ ஒரு தமிழாசிரியன் தன் எழுத்தைக் கண்டு வெட்கிய தருணங்களில் அதுவும் ஒன்று.

எமது மாணவர் அறியாமலே அந்த வளையத்தில் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது அலங்காரம். அந்த மொழி தெரிந்த ஒருவருக்கோ அது தெளிவான எச்சரிக்கை. எழுத்து மொழிக்கு மட்டுமா இலக்கணம்? சரிந்த நாலு கோட்டுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. அதை அறியாமல் எழுதியவர்கள் நாங்கள், படித்தவர் அவர். படிக்கப் பழகிய இடம் முகமாலை.

அன்று மாலை மாணவரோடு இருந்து யோசித்தோம். அந்தத் தாயாரும் நின்றார். பயிற்சிக்கும் காட்சிக்குமுரிய வெற்று எறிகணைகளில் துளையிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்பதை வெளியே தெரியச் செய்வது வழக்கம் என்றும், சில படைகளில் வேறு நிறமே பூசிவிடுவார்கள் என்றும் சொன்னார். மாணவர் முகம் வாடிற்று.

“ஓட்டை போட்டா ஷெல் மாதிரி இராது, அன்ரி.”

“இராட்டில் நல்லம், தம்பி.”

அவர்களுடைய ஆதங்கத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்று கிழமை உழைப்பு. தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெளிறிப்போன பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் என்னிடம் தனியாகக் கேட்டான்: “சேர், உண்மை மாதிரி இருக்க வேணும் எண்டுதானே செய்தம். உண்மை மாதிரி வந்ததும் பிழை எண்டு சொல்லுறியள். அப்ப எப்பிடிச் செய்யிறது?” இலக்கிய விமரிசகர்கள் நூல்நூலாக எழுதிய கேள்வியை அந்தப் பிள்ளை ஒரு மூச்சில் கேட்டுவிட்டான். அன்றைக்கு எனக்கு விடை வரவில்லை.

விடையைத் தந்தவர் கடைசற்காரர். மறுநாள் விடிய அவரிடம் கொண்டுபோனோம். துளையிடச் சொன்னோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தில் காற்பங்கை நெடுக அரிந்து எடுத்துவிடலாமே என்றார். நூதனசாலைகளில் அப்படி அரிந்து உள்ளமைப்பைக் காட்டும் எறிகணைகள் இருப்பது மாணவருக்கு உடனே நினைவு வந்தது. அரிந்தோம். உள்ளே குடைந்தோம். சிதறுகுண்டின் அடியில் வெடிமருந்து அறை. அதன்மேல் தள்ளும் தகடு. நடுவில் உச்சியிலிருந்து அடிவரை நெருப்பிறங்கும் குழாய். அதைச் சூழ, பிசினில் பதித்த ஈயக் குண்டுகள், ஏறக்குறைய 375. நேரம் வந்ததும் நெருப்பு குழாயினூடே இறங்கி மருந்தைப் பற்ற, தகடு குண்டுகளை முன்னே தள்ள, வானத்தில் வாய்திறந்து 375 குண்டுகளும் கீழே பொழியும். கட்டடத்தை இடிக்க அவை உதவா. திறந்த வெளியில் நிற்கும் மனித உடலுக்காக மட்டுமே உண்டாக்கப்பட்டவை அவை. ஈயக் குண்டுக்குப் பதிலாக மாணவர் சிறு போளைகளுக்குச் சாம்பல் நிறம் பூசி அடுக்கினார்கள். அரிந்த பக்கத்தில் தெரிந்தவை எழுபது எண்பதுதான். எஞ்சியவற்றை ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டுப் பக்கத்தில் வைத்தார்கள். செப்பு வளையத்தின் கோடுகளைப் புட்டியால் அடைத்து மழமழப்பாக்கினார்கள். குறிப்பட்டையை நான் மாற்றி எழுதினேன். ‘இது மரம். இதுபோன்ற ஒன்றை வெளியே கண்டால் தொடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.’

அதன் பிறகு வந்தவர்கள் அதைத் தடவிப் பார்க்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார்கள். சாடியிலுள்ள போளைகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் எண்ணத் தொடங்கி, இடையில் எண்ணிக்கை தவறி விட்டுவிட்டான்.

இப்போது என்னைப் பற்றி ஒரு சொல். நான் மாணவனாக இருந்த காலம் எறிகணைகளின் காலம். பனங்குற்றி அடுக்கி மண்மூடை போட்ட பதுங்குகுழிக்குள் இருந்து பரீட்சைக்குப் படித்தவர்களில் நானும் ஒருவன். எறிகணை புறப்படும் ஓசையையும் வந்து விழும் ஓசையையும், இரண்டுக்கும் இடையிலுள்ள மௌனத்தையும் நான் அறிவேன். விழுந்த பள்ளத்தையும் வெறுமையான வீட்டையும் அறிவேன். ஆனால் முழுதான எறிகணை ஒன்றை அந்த நாட்களில் நான் ஒருபோதும் கண்டதில்லை. அதன் வளைவையும் வளையத்தையும் நிறத்தையும் நான் முதன்முதலாகக் கண்டது அந்தக் கடைசல் பட்டறையில்தான். சிந்தித்துப் பாருங்கள், நேயர்களே. பட்டவர்களுக்கு வினையும் பயனும் தெரியும். மெய்யும் உருவும் தெரியா. பிந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு மெய்யும் உருவும் தெரியும். வினையும் பயனும் தெரியா. இரு தலைமுறையும் ஒரே பொருளின் வெவ்வேறு பாதிகளை வைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதனை இலக்கியத்தில் வைத்துப் பாருங்கள். சிறுகதைப் போட்டிகளுக்கு மாணவர் எழுதும் கதைகளை நான் படிப்பதுண்டு. யுத்தம் முடிந்த பின் பிறந்தவர்களும் யுத்தக் கதைகளே எழுதுகிறார்கள். அது குற்றமன்று, வீட்டில் கேட்டு வளர்ந்தவை அவை. எறிகணையின் பெயர், கூவிவரும் ஓசை, புகையின் நிறம், இரத்தத்தின் நிறம் எல்லாம் பிழையற இருக்கும். படித்து முடித்ததும் மனத்தில் ஒன்றும் தங்காது. நல்ல கடைசல், நல்ல வர்ணம். தொட்டுப் பார்க்கலாம், தூக்கியும் பார்க்கலாம், பாரமில்லை. பதினெட்டரை றாத்தல் இருக்க வேண்டியது ஒரு கையால் தூக்க இலேசாக இருக்கிறது. பிள்ளைகள் மட்டுமல்லர், கைதேர்ந்த எழுத்தாளர் சிலரும் செப்பு வளையத்தில் கோடு கீறுகிறார்கள். அந்தக் கோட்டின் பொருள் தெரிந்த வாசகர் ஒருவர் வாசலில் நின்று திடுக்கிடுவார் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

ஈழத்து விமரிசனத்தில் பேராசிரியர் க. கைலாசபதி முதலானோர் யதார்த்தவாதம் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். உள்ளதை உள்ளவாறு புறத்தே பிரதி செய்வது வேறு, உள்ளதன் இயக்கத்தைக் காட்டுவது வேறு என்ற கருத்து நமக்குப் புதிதல்ல. கிரேக்கத்து அரிஸ்டோட்டில், நேரிற் காணப் பொறாத பொருள்களையும் அவற்றின் செவ்விய பிரதிகளாகக் காணும்போது நாம் மகிழ்கிறோம் என்றார். அந்த மகிழ்ச்சியையே எமது மாணவரும் முதல்நாள் பார்வையாளரும் பெற்றார்கள். அம்மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் அதனோடு நின்றுவிட்டால் கலை பாதியில் நின்றுவிடுகிறது. தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு நிலைக்களங்கள் சொன்னார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அந்தப் பட்டியலில் எறிகணை இல்லை. ஆயினும் அந்தத் தாயார் வாசலில் நின்ற நிலையில் அச்சம் என்னும் மெய்ப்பாடு முழுதாக இருந்தது. எமது மரக்குண்டு அதனை உண்டாக்கவில்லை. அவர் அதனைத் தம்முடன் கொண்டுவந்திருந்தார். நல்ல எழுத்து வாசகனின் அந்த அச்சத்தை மதிக்க வேண்டும். அச்சம் இல்லாதவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்பதை அரிந்து காட்ட வேண்டும்.

அந்த மாணவனின் கேள்விக்கு இப்போது என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். உண்மை மாதிரிச் செய்வது பிழையல்ல, தம்பி. காற்பங்கை அரிந்துவிடு. பார்ப்பவனின் கை தடவிக்கொண்டு போகாமல், கண் உள்ளே போகட்டும். அப்படி அரிந்தால் அழகு குறையும், குறையட்டும்.

அந்த எறிகணை இன்றும் வரலாற்று அறையின் அலுமாரியில் இருக்கிறது. அதைச் செய்த பிள்ளைகள் பல்கலைக்கழகமும் வெளிநாடுமாகப் போய்விட்டார்கள். சென்ற மழைக்காலத்தில் அரிந்த விளிம்பில் வர்ணம் உரிந்து வேம்பின் இழை வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. புதிதாகப் பூசட்டுமா என்று இப்போதைய மாணவர் கேட்டார்கள். வேண்டாம், இழை தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன்.